முழங்கால் தண்ணீரில் சொன்னது

முடியே இல்லாத தலையில் யாராவது முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? பூமயிலுக்கு அப்படித்தான் இருந்தது. மகனுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்கு நேர்த்திக்கடனாக அவள் மொட்டை போட்டுக்கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சந்தனம் பூசிய மண்டையில் பிடிப்பதற்கு ஒரு மயிர் கிடையாது. ஆனாலும் கொம்பந்தீவுக்குப் பக்கத்தில், மார்பளவுத் தண்ணீரில், மஞ்சள் மிதவைகளை நெருங்கியபோது பின்னந்தலையில் ஏதோ வெடுக்கென்று இழுத்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது.

அதுதான் வேலி. கம்பி கிடையாது, முள் கிடையாது. தீவைச் சுற்றிக் கடலுக்குள் நட்டிருந்த தூண்களிலிருந்து காதுக்குக் கேட்காத ஓர் அதிர்வு தண்ணீரில் பரவிக்கொண்டே இருக்கும். மீனை அது ஒன்றும் செய்யாது, ஆமையை ஒன்றும் செய்யாது, கடல்பசு அதன்பாட்டுக்குப் புல் மேயும். மனித உடம்பு பட்டால் மட்டும், படகுப் பலகை வழியாகப் பட்டாலும்கூட, அடிவயிறு கலங்கும், நெஞ்சு அடைக்கும், இதோ செத்தோம் என்று ஒரு திகில் வந்து கழுத்தைப் பிடிக்கும். திரும்பி ஓடினால் விட்டுவிடும். கடற்காப்பு வாரியம் அதற்கு 'மென்வேலி' என்று பெயர் வைத்திருந்தது. சிப்பிமுனைப் பெண்கள் வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது.

வேலியோரம் போகாமல் இருக்கவும் வழியில்லை. கடலுக்குள் மூழ்கிப் பாறையில் வளரும் பாசியைப் பறித்துக் காயவைத்து விற்பதுதான் அந்த ஊர்ப் பெண்களின் பிழைப்பு. தீவைச் சுற்றியிருந்த நல்ல பாறைகளெல்லாம் வேலிக்குள் போய்விட்டன. மிச்சமிருந்த துண்டுக் கடலில் ஊரே விழுந்து பறித்ததில் பாறைகள் பூமயிலின் மண்டைபோல மழுங்கிக் கிடந்தன. பாசி கண்ணில் பட வேண்டுமென்றால் வேலியை ஒட்டிப் போயாக வேண்டும்.

எத்தனையோ தடவை அந்தப் பயத்தில் பட்டுத் திரும்பியவள்தான் பூமயில். அப்போதெல்லாம் தலையில் முடி இருந்தது. எது எதை இழுக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றியது. மூழ்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பி வந்தாள்.

அவளோடு சோடி சேர்ந்து மூழ்குகிறவள் சீனியம்மாள், செத்துப்போன அண்ணனின் மனைவி. இடுப்பில் பாசிப்பையைக் கட்டிக்கொண்டு, விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாத்தா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"மதினி, ஒனக்கு ஒருக்கா முடி பாறை இடுக்குல மாட்டிக்கிச்சுல்ல?"

"அது எதுக்கு இப்ப? மூத்தவன் வயித்துல இருக்கையில. மூச்சு முட்டி, பின்னந்தல பிஞ்சே போச்சுன்னு நெனச்சேன். ஒங்கிட்டத்தான சொன்னேன்."

"எங்கிட்ட மட்டுந்தானா?"

சீனியம்மாளின் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது.

"அந்த வேலிக்குள்ள இருக்கிறது ஒன் பயம் மதினி. இந்த மொட்டத் தலையில ஒன் முடிய இழுக்குதுடி!"

சிப்பிமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் ஒருத்தி எதையாவது கண்டு பயந்துவிட்டால் அதைச் சுமந்துகொண்டு கரையேறக் கூடாது. முழங்கால் தண்ணீரில் நின்று, பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும். கேட்டவள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, சொன்னவள் தலையில் ஊற்றி, "கடலோட போச்சு" என்பாள். அவ்வளவுதான், பயம் தீர்ந்தது. கரைக்கு வந்த பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சுவிடக் கூடாது. முழங்கால் தண்ணீரில் பக்கத்தில் யார் நிற்கிறாளோ அவளிடம் ஒளிக்கவும் கூடாது. அவள் சண்டைக்காரியாக இருந்தாலும் சரி, மாற்றூர்க்காரியாக இருந்தாலும் சரி.

வாணி மாற்றூர்க்காரி. வேலி வருவதற்கு முன்னால், ஆராய்ச்சிக்கு என்று வாரியத்திலிருந்து வந்தவள். மற்ற அதிகாரிகளைப் போல ஜீப்பில் உட்கார்ந்தபடி கேள்வி கேட்கவில்லை. இந்தப் பெண்களோடு சேர்ந்து மூழ்கினாள். அவர்கள் தூக்குவாளியிலிருந்தே பழைய சோறு தின்றாள். பாறை கிழித்த கைக்கு அவளே மருந்து போட்டாள். "ஒங்க ஒடம்பு தண்ணிக்குள்ள என்ன பாடு படுதுன்னு அளக்கப் போறேன்" என்று சொல்லி விரல்களில் கறுப்புப் பட்டை மாட்டிவிட்டாள். நம் உடம்பு படும் பாட்டைக் கேட்கவும் ஒரு பிள்ளை வந்ததே என்று அவர்கள் பூரித்துப்போனார்கள். வேலை முடிந்து முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அவளும் பக்கத்தில் வந்து நிற்பாள். "இன்னைக்கு இல்லாட்டிப் போகுது. எப்பவாச்சும் ரொம்பப் பயந்திருக்கீங்களா, அக்கா?" என்பாள்.

கேட்டுவிட்டாள், ஒளிக்கக் கூடாது. ஒவ்வொருத்தியும் சொன்னாள். சுழலில் மகளைக் கைவிட்டவள், திருக்கை முள் ஏறியவள், புருஷனின் படகு மட்டும் தனியாக மிதந்து வந்ததைக் கண்டவள். பட்டை விரலில் இருந்தது. வாணி தண்ணீரை அள்ளி ஊற்றி, "கடலோட போச்சு" என்று ஊர்க்காரி மாதிரியே சொன்னாள்.

போகவில்லை. அவள் கருவிப் பெட்டிக்குள் போயிருந்தது.

*

மீன் ஏலக்கூடத்தில் வாரியத்தின் இயக்குநர் கூட்டம் போட்டார். வெயில் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வாணி அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல செய்தி சொல்லத்தான் வந்திருக்கேன். வேலி போட்டப்புறம் கடற்புல் திரும்ப வளர்ந்திருக்கு. கடல்பசு குட்டி போட்டிருக்கு. உலகமே நம்மளைத் திரும்பிப் பாக்குது" என்றார் இயக்குநர்.

அது பொய்யில்லை. பூமயிலே பார்த்திருக்கிறாள். தாய் ஒன்று குட்டியைக் கையடியில் அணைத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் மேலே வந்து மூச்சு வாங்கியது. பிள்ளை பெற்ற வீட்டைப் பார்த்தமாதிரி அன்றைக்கெல்லாம் அவளுக்கு மனது நிறைந்திருந்தது. அதனால்தான் இப்போது வந்த ஆத்திரம் இரட்டிப்பாக இருந்தது. அந்தக் குட்டியைக் காட்டி அல்லவா இவர்கள் இவளை விரட்டுகிறார்கள்!

"பாசி விதைவிடுற மாசத்துல நாங்களே கடல மூடிருவோம் சார். எங்க ஆத்தா காலத்துலயிருந்து யாரும் எறங்க மாட்டோம். அதெல்லாம் ஒங்க கணக்குல வராதா?" என்றாள் சீனியம்மாள்.

"கட்டாயம் மதிக்கிறோம்மா. ஆனா கடல் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லையே. வரப்போற தலைமுறைக்கும் சொந்தம்."

"அப்ப எங்க வயித்துல பொறந்ததெல்லாம் என்னா, வந்துட்டுப் போன தலைமுறையா?"

கூடம் சிரித்தது. இயக்குநரும் கூடவே சிரிக்கப் பார்த்தார்.

"கண்ணாடிப் படகுல வர்றவுகளுக்கு மட்டும் பயமே வரலையே, அது எப்புடி சார்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். தினமும் பார்க்கிற காட்சிதான். வாரியத்தின் விருந்தாளிகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, அடியில் கண்ணாடி பதித்த படகு வேலிக்குள் போக, கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டே போவார்கள். வேலியின் பயத்தைத் தலைக்குள் ஏறாமல் தடுக்கிற தொப்பி அது.

"அவங்க பாக்கத்தான் வர்றாங்க, எடுக்க வரல" என்றார் இயக்குநர். "இங்க பாருங்க, ஒருத்தர் மேலயும் ஒரு அடி விழல. ஒரு கேஸ் போடல. இவ்வளவு மென்மையான காப்பகம் வேற எங்கயும் கிடையாது."

பூமயில் எழுந்தாள்.

"அடி விழுந்தா தழும்பாச்சும் இருக்கும் சார். தழும்பக் காட்டி நாலு பேருகிட்ட நியாயம் கேக்கலாம். இத எங்குட்டுப் போயிக் காட்டுறது? இந்தா ஒக்காந்திருக்காளே ராமக்கா, ஒங்க வேலியில ஒருக்கா மாட்டுனதுலயிருந்து கொடத்துத் தண்ணியக் கண்டாலே நடுங்குறா. மேலுக்குத் தண்ணி ஊத்தி எம்புட்டு நாளாச்சுன்னு அவ புருசனக் கேளுங்க."

ராமக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இயக்குநர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, வந்த செய்தியைச் சொன்னார். வேலி கரையோரம்வரை நீட்டப்படும். மிச்சமிருந்த துண்டுக் கடலும் காப்பகத்தோடு சேரும். பழைய அதிர்வுக்கு ஆட்கள் பழகி வருவதால் புதிய பயப் பதிவு ஒன்று தேவைப்படுகிறது. தன் விருப்பமாக அதைக் கொடுக்க முன்வரும் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கப் பயன்படுத்த ஒரு தொப்பியும், உள்ளே போய்ப் பாசி எடுக்கும் உரிமையும் தரப்படும்.

ஒருத்திக்கு மட்டும். அந்தச் சொல் கூடத்தில் விழுந்ததும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஆயிரம் வேலி செய்யாததை அந்த ஒரு சொல் செய்துவிட்டது.

*

ஜீப்பில் ஏறப்போன வாணியைப் பூமயில் மறித்தாள்.

"வாணி, எங்க மதினியோட முடி என் மண்டையில என்னாடி பண்ணுது?"

வாணியின் முகம் வெளுத்துப்போனது.

"மெஷின்ல செஞ்ச பயம் யாரையும் நிறுத்தலக்கா. உண்மையா ஒருத்தர் பயந்த பயம்தான் இன்னொரு உடம்புல போய்ப் பிடிக்குது. பேரு, ஊரு எதுவும் அதுல கிடையாது. உடம்போட ஞாபகமும் ஒட்டிக்கிட்டு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"முழங்காத் தண்ணியில சொன்னதக் கரைக்குக் கொண்டாந்துட்டியே. ஒனக்குச் சொன்னமேடி, கொண்டாரக் கூடாதுன்னு."

"நான் மொத மொத இங்க வந்தப்ப வலையில மாட்டி மூச்சு முட்டிச் செத்த கடல்பசுவ அறுத்துப் பாத்தேன்க்கா. உள்ள குட்டி இருந்துச்சு, முழுசா. அதுக்கு வாய் இல்ல. உங்களுக்குப் பேசத் தெரியும். அதுக்குத் தெரியாதே!"

"பேசத் தெரியும்னுதான பேச வச்சே புடுங்கிட்ட" என்றாள் பூமயில்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். காய்ச்சலில் இளைத்துப்போன மகன் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அரிசிப் பானையின் அடியில் கை இடித்தது. எவளாவது ஒருத்தி கொடுக்கத்தான் போகிறாள்; இவள் கொடுக்காவிட்டாலும் வேலி வரத்தான் போகிறது. கொடுக்கிறவளுக்காவது கடல் மிஞ்சட்டுமே. இப்படி நினைக்கவே அவளுக்குக் கூசியது. கூசிக்கொண்டே மறுநாள் வாணிக்குச் சொல்லியனுப்பினாள்.

செய்தி ஊருக்குள் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் சீனியம்மாள் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

"தொப்பிக்கார மகராசி வர்றா, வழிய விடுங்கடி!"

"மதினி, புள்ளைக்கு..."

"எனக்கும் புள்ள இருக்குத்தா. என் முடி ஒன் மண்டையில இழுத்தப்ப எனக்காக எம்புட்டுக் கோவப்பட்ட? அம்புட்டும் தொப்பிக்குத்தானா?"

பூமயில் குடத்தை நிரப்பாமலே திரும்பினாள்.

*

முழங்கால் தண்ணீரில் பூமயிலும் வாணியும் நின்றார்கள். வாணி பட்டையை விரலில் மாட்டினாள். கையிலிருந்த சின்னக் கருவியில் பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது.

"கண்ணை மூடிக்கங்கக்கா. நான் சொல்றத மட்டும் நினைங்க. ஒங்க அண்ணன் முருகவேல் திரும்பி வராத நாள். படகு மட்டும் வந்துச்சுன்னு சொன்னீங்கள்ல? நீங்க மொதல்ல பாத்தது எது?"

பூமயில் நினைக்கத்தான் பார்த்தாள். படகையும், அதில் யாரும் இல்லாததையும். ஆனால் காதில் நின்றது அந்தப் பெயர்தான். அண்ணன் பேர் வாணி வாயில். இதே தண்ணீரில், இவள் தலையில் தண்ணீர் ஊற்றிய அதே கை, இப்போது கருவியைப் பிடித்துக்கொண்டு, 'அந்தப் பயத்தை எடு, இன்னும் கொஞ்சம் எடு' என்று கேட்கிறது. எதற்கு? அண்ணனை எடுத்துக்கொண்ட கடலை, அண்ணன் பெண்டாட்டியிடமிருந்து எடுப்பதற்கு. அந்த வேலையைச் செய்ய இவளே வந்து நிற்கிறாள், ஒரு தொப்பிக்காக!

உள்ளங்காலிலிருந்து ஏறியது. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, உள்ளங்கை வேர்த்தது, காது அடைத்துப்போனது. பச்சைக் கோடு கருவியின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வாணியின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பயத்த இத்தனை வருஷமா எங்கக்கா வச்சிருந்தீங்க?"

பூமயில் கண்ணைத் திறந்தாள். "இது பயந்தானா?"

"நாடி, வேர்வை, மூச்சு, எல்லாமே சொல்லுதேக்கா. இந்த அளவுக்கு யாருக்கும் வந்ததே இல்ல."

பூமயில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முழங்கால் தண்ணீரில் ஒளிக்கக் கூடாதுதான். ஆனால் பக்கத்தில் நின்றவள்தான் அந்த வழக்கத்தை முதலில் உடைத்தவள். பூமயில் வாயை மூடிக்கொண்டாள்.

*

புதிய வேலியைத் திறந்துவைக்கும் நாளில் கரையில் பந்தல் போட்டார்கள். கரையோரமாக ஒரு வரிசைத் தூண், தீவைச் சுற்றிப் பழைய வரிசை. இரண்டிலும் இனி பூமயிலின் பதிவு. வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். மாலை, சால்வை எல்லாம் முடிந்ததும் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடிப் படகில் ஏறினார்கள். இயக்குநர் பொத்தானை அமுக்கிவிட்டு அவரும் ஏறினார். ஊர்ப் பெண்கள் மணலில் ஒதுங்கி நின்றார்கள். தொப்பியை மடியில் சொருகிக்கொண்டு பூமயில் தனியாக நின்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

படகு முதல் வரிசையைக் கடந்தது. சால்வை போட்ட ஒருவர், "யோவ், தள்ளி உக்காரும்யா" என்று பக்கத்திலிருந்தவரை இடித்தார். அவர் எழுந்து ஓர் அறை விட்டார். தடுக்க வந்த காவலாளியின் சட்டையை இன்னொரு காவலாளி பிடித்தான். இயக்குநர் தொப்பியைக் கழற்றிப் படகோட்டியின் முகத்தில் வீசி, பந்தல்வரை கேட்கிறமாதிரி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பயத்தைத் தடுக்கத்தான் அந்தத் தொப்பிக்குத் தெரியும். வந்தது பயம் இல்லையே. படகு தட்டுத்தடுமாறித் திரும்பியது.

கரையில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏடி, அந்தச் சால்வ போச்சுடி!" என்று கத்திக்கொண்டு ராமக்காள் தண்ணீரைப் பார்க்க முன்னே ஓடினாள். ஓடிய வேகத்தில் கால் வேலிக்குள் பட்டுவிட்டது.

நின்றாள். குடத்துத் தண்ணீருக்கு நடுங்கிய ராமக்காள், இடுப்பளவுத் தண்ணீர்வரை இறங்கி நிமிர்ந்து நின்று ஆங்காரமாக ஒரு சத்தம் போட்டாள். அடுத்து சீனியம்மாள் இறங்கினாள். அடுத்து ஒருத்தி, இன்னொருத்தி. வாணி, "இறங்காதீங்க! இறங்காதீங்க!" என்று கத்தினாள். கேட்பதற்கு ஆள் இல்லை. இத்தனை வருஷமாகக் குனிந்து திரும்பிய அத்தனை பேரும் தீவைப் பார்த்து நீந்தினார்கள்.

பூமயில் கடைசியாக இறங்கினாள். தூண்களை நெருங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நீந்தினாள், காத்திருந்தாள், நீந்தினாள். திரும்பிப் பார்த்தால் தூண்கள் முதுகுக்குப் பின்னால், தூரத்தில் நின்றன. அவள் உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தான் வேலி சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

தீவைச் சுற்றிய வரிசையும் அப்படியே கடந்துபோனது. மற்றவர்களுக்கு அங்கே கோபம் இரண்டு மடங்கானது. கழுத்தளவு ஆழமுள்ள திட்டு அது. கீழே கடற்புல், பச்சைப் பாய் விரித்தமாதிரி. பாசிப் பாறைகள் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தன. யாரும் அங்கே போகவில்லை. மூழ்கினார்கள், இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கினார்கள், மேலே வந்து வீசினார்கள், மறுபடியும் மூழ்கினார்கள். தண்ணீர் கலங்கிச் சேறானது. விற்க முடியாத, தின்ன முடியாத புல்.

"புல்லு வளரணும்னுதான எங்கள வெரட்டுனாக? இந்தா புல்லு! இந்தா!" சீனியம்மாள் வேரோடு பிடுங்கி எறிந்தாள். கண் சிவந்து, யாரையும் அடையாளம் தெரியாத முகமாக இருந்தது.

பூமயில் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி! தொப்பிக்காரி, ஒனக்கென்னாடி!"

"மதினி, அது ஒன் கோவம் இல்ல."

"பெறகு யாருதுடி?"

"என்னுது. அண்ணன் பேர அவ வாயால சொன்னா பாரு, அப்ப வந்தது. பயம் குடுன்னு கேட்டா. எனக்கு இதுதான் வந்துச்சு. என் கோவத்த எடுத்துப் புல்லு மேல காட்டாத மதினி. அந்தக் குட்டி என்னா பண்ணுச்சு நம்மள? திருப்பிக் குடு."

சீனியம்மாள் கையை உதறினாள். பூமயில் விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அலை வந்து வந்து முகத்தில் அடித்தது. முருகவேலைப் பற்றிய பேச்சைக் கேட்டதிலிருந்து சீனியம்மாளின் மூச்சு மெதுவாக மாறிக்கொண்டிருந்தது. கை தளர்ந்தது. விரல் இடுக்கிலிருந்து புல் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே மிதந்தது. பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு, இந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள்.

"அப்ப இத எங்குட்டுடி கொண்டுபோறது?" என்று கேட்டாள் சீனியம்மாள். "உள்ள வச்சுக்கிட்டு இருக்க முடியலையே."

பூமயில் மடியிலிருந்த தொப்பியை உருவித் தண்ணீரில் விட்டாள். பிறகு கரையைப் பார்த்தாள். பந்தல் அப்படியே இருந்தது. கிழிந்த சால்வைகள் ஒன்றையொன்று சமாதானப்படுத்திக்கொண்டிருந்தன. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். வாணி மட்டும் தண்ணீரோரம் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா மதினி" என்றாள் பூமயில்.

ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, பெண்கள் எல்லாரும் கரையைப் பார்த்துத் திரும்பினார்கள். வழியில் இரண்டு வேலியையும் மறுபடி கடக்க வேண்டியிருந்தது; கோபம் மறுபடியும் ஏறும். அதுவும் நல்லதுக்குத்தான்.